கூத்தாடிக்குக் கொண்டாட்டம்: மலிவு ப்ராசசரும் இரண்டு கம்பெனிச் சண்டையும்

2017 ஜனவரியில் இன்டெல் ஒரு பென்டியம் ப்ராசசரை விற்பனைக்கு விட்டது. பெயர் ஜி4560. அதுவரை பல ஆண்டுகளாக டெஸ்க்டாப் பென்டியம் என்றால் இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி), இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), அவ்வளவுதான். ஒரே கோரை இரண்டு வேலைகளைச் சேர்த்துப் பார்க்க வைக்கும் ஹைப்பர்த்ரெடிங் வேண்டுமென்றால் ஒரு படி மேலே ஏறி ஐ3 வாங்க வேண்டும். ஐ3 என்ற வகையே அந்த ஒரு வசதியை நம்பித்தான் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஜி4560இல் இன்டெல் அந்த வசதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அதே இரண்டு கோர், நான்கு த்ரெட், அதே 3 எம்பி கேஷ் (ப்ராசசர் கையருகே வைத்துக்கொள்ளும் வேகமான குட்டி நினைவகம்). ஐ3-7100 ஓடியது 3.9 கிகாஹெர்ட்ஸில், இது 3.5இல். விலை மட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அதன்பிறகு ஐ3 வாங்குவதற்குப் பெரிதாகக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

இன்டெலுக்குத் திடீரென்று நம் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை. போட்டிக் கம்பெனியான ஏஎம்டி ரைசன் என்ற ப்ராசசர் வரிசையைக் கொண்டுவரப்போகிறது என்பது அப்போது ஊரறிந்த செய்தி. மார்ச் 2ஆம் தேதி ரைசன் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் ஐ3-8100ஐ இறக்கியது. நான்கு கோர், 6 எம்பி கேஷ். அந்த ஜனவரி வரை, ஐ3க்கு மேல்படியான ஐ5 என்று சொல்லி விற்ற சரக்கு இதுதான். பத்து மாதத்தில் ஐ5 ஐ3 ஆகிவிட்டது, அதுவும் பழைய ஐ3யின் விலைக்கே.

ப்ராசசர் எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் "இன்டெல் நல்லதா, ஏஎம்டி நல்லதா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "இப்போது யார் பின்தங்கி நிற்கிறார்கள்?" என்று. மேல்மட்ட ப்ராசசர்களைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே முதலிடத்தில் இருப்பவன் கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. கையில் காசு குறைவாக இருப்பவனுக்கு எது கிடைக்கும் என்பதை எப்போதும் இந்தச் சண்டைதான் தீர்மானித்திருக்கிறது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, இங்கே கூத்தாடி நாம்தான்.

சண்டையின் ஆரம்பம் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டெல் பிறந்தது 1968இல், ஏஎம்டி 1969இல். இரண்டையும் தொடங்கியவர்கள் ஃபேர்சைல்ட் என்ற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். 1981இல் ஐபிஎம் தன் பிசியில் இன்டெலின் 8088ஐ வைத்தது. ஒரே கம்பெனியை நம்பி இருக்க முடியாது, இன்னொருவரும் இதே சிப்பைத் தயாரிக்க வேண்டும் என்று ஐபிஎம் நிபந்தனை போட்டதால் 1982இல் இன்டெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 8088இன் வாரிசான 386 வந்தபோது இன்டெல் அதன் வரைபடங்களைக் கொடுக்க மறுத்தது. ஏஎம்டி கோர்ட்டுக்குப் போனது, தானாகவே ஒரு 386ஐயும் செய்து 1991இல் விற்றது. வழக்குகள் 1995இல் சமரசமாயின. இன்று எக்ஸ்86 என்ற இந்த வம்சத்துச் சிப்பைச் செய்யும் உரிமை விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளிடம்தான் இருக்கிறது. கடையில் பிசி கட்டப் போகிறவனுக்கு இரண்டே பெயர்கள்தான் மிஞ்சுகின்றன. போட்டி என்று நாம் சொல்வது இந்த இரண்டு பேர் போட்டியைத்தான். அதனால்தான் ஒருவர் சோர்ந்துபோனால் உடனே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

செலரான் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1998இல் விலை குறைந்த பிசிகளின் சந்தையை ஏஎம்டியின் கே6 வகையும் சைரிக்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் சில்லுகளும் கொறித்துக்கொண்டிருந்தன. இன்டெல் அவசரமாக ஒரு மலிவு சிப்பை ஏப்ரலில் கொண்டுவந்தது. பென்டியம் 2இன் எல்2 (இரண்டாம் அடுக்கு) கேஷ் முழுவதையும் கழற்றிவிட்டு, மிச்சத்தைச் செலரான் என்று பெயர் வைத்து விற்றது. எல்2 கேஷ் இல்லாத ப்ராசசர் அடிக்கடி ரேம் வரை போய்த் திரும்ப வேண்டும். எழுதிய எல்லோரும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மே மாதம் கே6-2 வந்தது. ஆகஸ்டில் இன்டெல் திருந்தியது. புதிய செலரான் 300ஏயில் 128 கேபி எல்2 கேஷ், அதுவும் ப்ராசசர் சில்லுக்குள்ளேயே, ப்ராசசரின் முழு வேகத்தில். விலை கூடிய பென்டியம் 2இலோ 512 கேபி இருந்தாலும் அது தனியாகப் பாதி வேகத்தில் ஓடியது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 300ஏயின் பெருக்கெண் 4.5, பஸ் (ப்ராசசரையும் மதர்போர்டையும் இணைக்கும் பாதை) வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 300. மதர்போர்டில் பஸ்ஸை மட்டும் 100க்கு மாற்றினால் 450. பெரும்பாலான சில்லுகள் மறுபேச்சில்லாமல் அந்த வேகத்தில் ஓடின. அந்த நாளில் இன்டெல் விற்றதிலேயே வேகமான பென்டியம் 2க்கு இணையாக, அதன் விலையில் சிறு பங்குக்கு. விற்ற வேகத்துக்கு மேல் சில்லை ஓட்டும் ஓவர்கிளாக்கிங் என்ற பழக்கம் பொது ஜனத்திடம் பரவியதில் இந்தச் சில்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏஎம்டி பக்கமும் இதே மாதிரி ஒரு கூத்து நடந்தது. 1999இல் ஏத்லான் என்ற ப்ராசசர் வந்து ஏஎம்டி முதன்முறையாக முன்னால் ஓடியது. 2000 மார்ச்சில் ஒரு கிகாஹெர்ட்ஸை முதலில் தொட்டதும் ஏஎம்டிதான், இன்டெலுக்கு இரண்டு நாள் முன்பு. அந்த ஆண்டு வந்த ஏத்லான், அதன் மலிவு வகையான ட்யூரான் சில்லுகளின் மேல்பக்கத்தில் எல்1 என்று குறியிட்ட வரிசையில் மின்சாரம் போகும் குட்டிக்குட்டிப் பாலங்கள் இருக்கும். பெருக்கெண்ணைப் பூட்டுவதற்காக ஏஎம்டி அவற்றை வெட்டிவிட்டு அனுப்பும். கூர்மையான பென்சிலை எடுத்து, வெட்டிய இடத்தில் அழுத்தித் தேய்த்தால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பூட்டு திறந்துவிடும். பக்கத்துப் பாலத்தோடு ஒட்டாமல் கோடு போட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அடுத்து வந்த ஏத்லான் எக்ஸ்பியில் அந்த வெட்டு குழியாகிவிட்டது, பென்சில் வேலைக்கு ஆகவில்லை.

பாலத்தை வெட்டுவது, கேஷைப் பாதியாக்குவது, ஹைப்பர்த்ரெடிங்கை அணைப்பது, கோர்களை முடக்குவது. மலிவு ப்ராசசரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும். விலை குறைந்த சில்லு பல நேரங்களில் தனியாகச் செய்யப்படுவதில்லை. விலை கூடிய சில்லிலிருந்து எதையாவது முடக்கித்தான் அது பிறக்கிறது. ரைசன் 5 5600ஐப் பாருங்கள். உள்ளே இருக்கும் சில்லில் எட்டு கோர்கள் இருக்கின்றன, இரண்டை முடக்கி ஆறு என்று விற்கிறார்கள். சில சில்லுகளில் அந்த இரண்டு கோரும் உண்மையிலேயே பழுதாகியிருக்கும். தூக்கிப் போடுவதற்குப் பதில் ஆறு கோராக விற்பது எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் தயாரிப்பு நன்றாக நடக்கும்போது பழுதான சில்லுகள் போதாது. அப்போது நல்ல கோரையும் முடக்கித்தான் ஆர்டரை நிரப்ப வேண்டும். 2009இல் ஏஎம்டியின் இரண்டு கோர் சில்லான ஃபீனம் 2 எக்ஸ்2 வாங்கிய பலர், மதர்போர்டில் ஒரு அமைப்பை மாற்றி இரண்டு கோரை நான்காக்கிக்கொண்டார்கள். நான்கும் பழுதில்லாத கோர்கள்தான்.

எவ்வளவு முடக்கலாம் என்பதற்குத் தொழில்நுட்பத்தில் எல்லை கிடையாது. எதிரி எவ்வளவு பக்கத்தில் நிற்கிறான் என்பதுதான் எல்லை. எதிரி பக்கத்தில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2010இல் ஒரு உதாரணம் இருக்கிறது, இன்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பென்டியம் ஜி6951 என்று ஒரு ப்ராசசர். அது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரை வாங்கிய பிறகு 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி, அதில் சுரண்டி எடுக்கும் எண்ணை மென்பொருளில் அடித்தால், ஹைப்பர்த்ரெடிங்கும் 1 எம்பி கேஷும் திறந்துகொள்ளும். நம் மேஜையில் ஏற்கெனவே இருக்கிற, நாம் காசு கொடுத்து வாங்கிய சிலிக்கானுக்கு இரண்டாவது முறை காசு. அடுத்த ஆண்டோடு அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

2006இல் கோர் 2 டூவோ வந்ததிலிருந்து ஏஎம்டி பின்வாங்கிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டே 5.4 பில்லியன் டாலர் கொடுத்து கிராபிக்ஸ் சில்லு கம்பெனியான ஏடிஐயை வாங்கி மூச்சு முட்டியது, 2009இல் சொந்த ஆலைகளைப் பிரித்துக் கொடுத்தது, 2011இல் புல்டோசர் என்ற வடிவமைப்பை நம்பி இறங்கி அடி வாங்கியது. எட்டு கோர் என்று விற்ற எஃப்எக்ஸ் சில்லுகளில் இரண்டிரண்டு கோர்கள் தசமக் கணக்குப் பிரிவைப் பங்கு போட்டுக்கொண்டன. இதை எட்டு கோர் என்று சொல்லலாமா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2019இல் 12.1 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. தன் தவறுகளால் மட்டும் ஏஎம்டி விழுந்தது என்றும் சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு நிபந்தனையோடு தள்ளுபடி கொடுத்து ஏஎம்டியை வெளியே நிறுத்தியது என்று ஐரோப்பிய ஆணையம் 2009இல் இன்டெலுக்கு 1.06 பில்லியன் யூரோ அபராதம் போட்டது. இன்டெல் மேல்முறையீடு செய்து, அந்த அபராதம் 2022இல் ரத்தானது. ஆனால் 2009இலேயே இன்டெல் ஏஎம்டிக்கு 1.25 பில்லியன் டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது.

அந்தக் காலத்தின் விளைவை ஒரே வரியில் பார்க்கலாம். 2011 ஜனவரியில் வந்த ஐ7-2600கே நான்கு கோர், எட்டு த்ரெட். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே நான்கு கோர், எட்டு த்ரெட். ஆறு ஆண்டு! உச்சியே அசையாதபோது அடியில் இருப்பவன் எங்கே அசைவது? ஐ3 இரண்டு கோர், பென்டியம் அதற்குக் கீழே, செலரான் இன்னும் கீழே. பென்டியத்திலும் செலரானிலும் ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளைக்கூட அடைத்து வைத்திருந்தார்கள். பின்னால் வந்த சில கேம்கள் ஏவிஎக்ஸ் இல்லாமல் திறக்கவே மறுத்தபோது, நான் மேலே புகழ்ந்த ஜி4560 வைத்திருந்தவர்களும் சேர்ந்தே மாட்டிக்கொண்டார்கள்.

2014இல் லிசா சூ ஏஎம்டியின் தலைமைக்கு வந்தார். அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனியின் பங்கு இரண்டு டாலருக்கும் கீழே கிடந்தது. அங்கிருந்து ரைசன் வந்தது. எட்டு கோர் ரைசன் 7 1800எக்ஸின் அறிமுக விலை, இன்டெலின் எட்டு கோர் ஐ7-6900கேயின் விலையில் பாதிக்கும் குறைவு. இந்த ஒப்பீடு எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஏஎம்4 சாக்கெட், அதாவது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம். 2017இல் ரைசனுக்காக வாங்கிய போர்டில் 2022இல் வந்த 5800எக்ஸ்3டி வரை உட்கார முடிந்தது. இன்டெலோ எல்ஜிஏ1151 என்ற ஒரே சாக்கெட் பெயரில், ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு தலைமுறை போர்டுகளை விற்றது. காசு குறைவாக இருப்பவன் மொத்தமாகப் புது மெஷின் வாங்குவதில்லை. இந்த வருஷம் ப்ராசசர், இரண்டு வருஷம் கழித்து கிராபிக்ஸ் கார்டு என்று துண்டு துண்டாகத்தான் வாங்குகிறான். அவனுக்குச் சாக்கெட் நீடிப்பது, கோர் எண்ணிக்கையைவிடப் பெரிய சலுகை.

இங்கேதான் ஏஎம்டி ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஏஎம்டி ஏழைப் பங்காளன் என்ற நினைப்பு அவர்களுக்கு. 2020ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் ஏஎம்டி, ஜென் 3 என்ற புது வடிவமைப்பில் வரப்போகும் ரைசன் ப்ராசசர்கள் ஏற்கெனவே விற்ற 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தது. பயாஸ் (போர்டைத் துவக்கும் மென்பொருள்) நினைவகத்தில் இடம் போதாது என்பது போல ஒரு விளக்கமும் வந்தது. வாங்கியவர்கள் கொதித்ததும் இரண்டே வாரத்தில் பின்வாங்கியது. நவம்பரில் ஜென் 3 வந்தது. கேமிங்கிலும் இன்டெலை எட்டிப் பிடித்தாயிற்று, ஏஎம்டி முன்னால். உடனே என்ன ஆனது? ரைசன் 5 5600எக்ஸ், முந்தைய 3600எக்ஸைவிட 50 டாலர் கூடுதல். வழக்கமாக வரும் விலை குறைந்த எக்ஸ் இல்லாத 5600 வரவே இல்லை. ரைசன் 3 வகையில் ஜென் 3 டெஸ்க்டாப் சில்லு கடைக்கு வரவில்லை. ஆலையில் இடம் குறைவு என்றால், அந்த இடத்தை விலை கூடிய சில்லுக்குத்தானே யாரும் ஒதுக்குவார்கள். 2018 இறுதியில் தன் 14 நானோமீட்டர் ஆலைகள் போதாமல் திணறியபோது இன்டெலும் இதையேதான் செய்தது. சர்வர்களுக்கான சியானையும் விலை கூடிய கோர் வகைகளையும் காப்பாற்றிக்கொண்டு, கீழ்மட்டச் சில்லுகளைக் காயப்போட்டது.

அப்புறம் 2021 இறுதியில் இன்டெல் ஆல்டர் லேக் என்ற புதிய தலைமுறையோடு வந்தது. இப்போது பின்தங்கியவன் இன்டெல் அல்லவா, அதனால் 2022 ஜனவரியில் ஐ5-12400எஃப், ஐ3-12100எஃப் என்று கீழ்மட்டத்துக்கே இறங்கி அடித்தது. நான்கு கோர், எட்டு த்ரெட் உள்ள 12100எஃபின் அறிமுக விலை நூறு டாலருக்கும் குறைவு. 2017 ஜனவரியின் ஐ7க்கு இருந்த அதே கோர், அதே த்ரெட், ஆனால் ஒவ்வொரு கோரும் அதைவிட வேகம். அந்த ஏப்ரலில் ஏஎம்டிக்கு எக்ஸ் இல்லாத 5600 ஞாபகம் வந்தது, 5500 ஞாபகம் வந்தது. 2017இல் விற்ற 300 வரிசை போர்டுகளிலும் ஜென் 3 ஓடும் என்பதும் சரியாக அந்தச் சமயத்தில்தான் நினைவுக்கு வந்தது. பதினேழு மாதமாக முடியாமல் இருந்தது எதிரி வந்ததும் முடிந்தது.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். அந்த ஏப்ரலில் வந்த 5500ஐயும் 5600ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், மலிவு ப்ராசசர் வாங்குவதில் இருக்கும் எல்லாக் கண்ணிகளும் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கின்றன. இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இரண்டும் ஜென் 3, 65 வாட், ஏஎம்4. அடிப்படை வேகம் 5500க்கு 3.6 கிகாஹெர்ட்ஸ், 5600க்கு 3.5. விளம்பரத்தில் இவ்வளவுதான் இருக்கும் என்றால் 5500ஐ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். இன்னும் இரண்டு வரி கீழே போங்கள். எல்3 கேஷ் 5500இல் 16 எம்பி, 5600இல் 32. கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் வழியான பிசிஐ எக்ஸ்பிரஸ் 5500இல் மூன்றாம் தலைமுறை, 5600இல் நான்காம் தலைமுறை. 5500 உண்மையில் லேப்டாப்புக்காக வடித்த சில்லு, உள்ளே இருக்கும் கிராபிக்ஸை அணைத்து டெஸ்க்டாப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம்? கேஷ் குறைவு கேமிங்கில் தெரியும், அலுவலக வேலையில் தெரியாது. பிசிஐ வித்தியாசம் பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகளில் தெரியாது. ஆனால் ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரியான மலிவு கார்டை வைத்தால் நன்றாகவே தெரியும். அந்தக் கார்டுக்குப் பிசிஐ வழித்தடமே நான்குதான். பெரிய கார்டுகளில் பதினாறு. மூன்றாம் தலைமுறையில் ஒவ்வொரு வழியும் பாதி வேகம், அதனால் 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்ததும் கேம் தடுமாறும். மலிவு ப்ராசசர் வாங்குகிறவன்தான் மலிவு கார்டும் வாங்குவான். இரண்டு குறையும் ஒரே மெஷினில் சந்திப்பது தற்செயல் இல்லை.

எண்களை நம்பாதீர்கள் என்பதற்கு இன்னும் சொல்லலாம். 2020இல் வந்த ரைசன் 3 3100, 3300எக்ஸ் இரண்டிலும் நான்கு கோர், மொத்தம் 16 எம்பி எல்3. முதலாவதில் கோர்கள் இரண்டும் இரண்டுமாகத் தனித்தனிக் கொத்தில், இரண்டாவதில் நான்கும் ஒரே கொத்தில். கொத்து விட்டுக் கொத்து பேசும் தாமதம் இல்லாததால் 3300எக்ஸ் எளிதாக முந்தியது. பெட்டியின் மேல் இதை எங்கும் எழுத மாட்டார்கள். லேப்டாப் பக்கம் போனால் இன்னும் மோசம். 2016இன் ஐ7-7500யு என்பதில் கோர் இரண்டே இரண்டு. ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். மூன்றாவது இலக்கம்தான் தலைமுறை: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. அதாவது 2019இன் வடிவமைப்பும் 2022இன் வடிவமைப்பும் ஒரே வரிசையில், 7 என்ற முதல் இலக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கின்றன.

எஃப் என்ற எழுத்தைக் கவனிக்காமல் வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ஜென் 3 வரை ஏஎம்டி டெஸ்க்டாப் சில்லுகளில் ஜி எழுத்து இல்லாவிட்டாலும் இதே கதைதான். கிராபிக்ஸ் உள்ள சில்லு வாங்கினால் ரேமை ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, மெயின் ரேமைத்தான் அது உறிஞ்சும். ஒரே குச்சி என்றால் பாதை பாதியாகிவிடும், கேம் ஓடும் வேகத்தில் அது கண்ணுக்கே தெரியும்.

வெறும் பிரவுசர், ஆவணம், வீடியோ அழைப்பு, பிள்ளைகளின் படிப்பு என்றால் இந்தப் பக்கம் முழுவதும் படித்ததே வீண். இன்டெல் என்100 போதும். 2023இல் பென்டியம், செலரான் பெயர்களைத் தூக்கிவிட்ட பிறகு வந்த சில்லு. நான்கு சிறிய கோர்கள், 6 வாட். 65 வாட் எடுத்துக்கொண்ட ஆறாம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ5 செய்த வேலையைக் கிட்டத்தட்ட இது செய்துவிடுகிறது. குட்டிப் பெட்டிக்குள் அடங்கும், சிலவற்றில் ஃபேன்கூட இல்லை. கோர் எண்ணிக்கையைப் பற்றி யோசித்து ராத்தூக்கம் கெடுவதற்குப் பதில், எஸ்எஸ்டி இருக்கிறதா, ரேம் 16 ஜிபிக்கு ஏற்றலாமா என்று பாருங்கள்.

அதற்கு மேல் வேலை என்றால் ப்ராசசர் விலையைத் தனியாகப் பார்க்கவே கூடாது. போர்டு, ரேம், கூலர் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான் ஏறும். இன்டெலின் எல்ஜிஏ1700இல் போர்டைப் பொறுத்து டிடிஆர்4ஓ டிடிஆர்5ஓ. ஏஎம்4இல் டிடிஆர்4. 2025இன் கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகத்தை வாரிக்கொண்டு போனதில் ரேம் விலை ஏறியதே, அப்போது ப்ராசசரைவிட ரேம்தான் பட்ஜெட்டைத் தின்றது. கையில் ஏற்கெனவே நல்ல டிடிஆர்4 இருப்பவர், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது சாக்கெட்டுக்குப் போக அவசரமே இல்லை. ஒன்றுமே இல்லாமல் ஆரம்பிப்பவருக்கு, ரேம் விலையைத் தாங்க முடிந்தால், ஏஎம்5ஐத்தான் நான் சொல்வேன். 2027 வரையாவது அந்தச் சாக்கெட்டுக்குப் புதுச் சில்லுகள் வரும் என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்திருக்கிறது, எல்ஜிஏ1700க்கு அப்படி வருங்காலம் கிடையாது. கூலரையும் கணக்கில் சேருங்கள். 5600, 12100எஃப் இரண்டுக்கும் பெட்டியிலேயே கூலர் உண்டு. பெட்டியில்லாமல் ட்ரேயில் வரும் சில்லுக்கு அது கிடையாது, விலை குறைவு என்று எடுத்தால் மிச்சம் பிடித்தது கூலருக்குப் போய்விடும்.

இன்று பின்னால் நிற்பது இன்டெல். 10 நானோமீட்டரில் பல ஆண்டுகள் சிக்கிக்கொண்டது, 13, 14ஆம் தலைமுறையின் விலை கூடிய சில்லுகள் மின்னழுத்தக் கோளாறால் கெட்டுப்போய் 2024இல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டிவந்தது, அந்த ஆண்டு வந்த ஆரோ லேக் ப்ராசசர்களின் கோர்களைத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்து வாங்கியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஏறத்தாழ பத்து சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது, செப்டம்பரில் என்விடியா 5 பில்லியன் டாலர் போடுவதாக அறிவித்தது. ஏஎம்டி ஆட்கள் இதைக் கொண்டாடுவதைப் பார்க்கும்போது எனக்கு 2020 நவம்பர்தான் ஞாபகம் வருகிறது. இன்டெல் எழுந்து நிற்காவிட்டால் அடுத்த ரைசன் 5இன் விலையை ஏஎம்டி மட்டும் உட்கார்ந்து எழுதும்.

பழைய சில்லு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 முதல். ஆனால் ரைசன் 3 2200ஜியும் 5 2400ஜியும் பெயரில்தான் 2000, உள்ளே முதல் ஜென், அதனால் பட்டியலில் இல்லை. 3200ஜி இருக்கிறது. லினக்ஸ் போடுகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது, அவருக்கு இதே காரணத்தால் விலை விழுந்த ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் அடித்த யோகம். ஏஎம்4 சில்லு என்றால் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கும். கையில் வாங்கியதும் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து வரிசை நேராக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பின் வளைந்திருந்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கும். இன்டெலில் பின்கள் போர்டின் சாக்கெட்டில், அங்கே வளைந்தால் நிமிர்த்துவது ரொம்பக் கஷ்டம், அதனால் இன்டெலில் ப்ராசசரைவிடப் பழைய போர்டு வாங்கும்போதுதான் டார்ச்சுக்கு வேலை அதிகம்.